துர்காபாய் தேஷ்முக்: மயிலாப்பூர் வகுப்பிலிருந்து திட்டக்குழு வரை

கேள்வி: சென்னை ஆர்.ஏ. புரத்தில் துர்காபாய் தேஷ்முக் சாலை வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். அவர் நேரு காலத்து நிதியமைச்சரின் மனைவி, ஆந்திர மகிளா சபா மருத்துவமனையைத் தொடங்கியவர் என்ற அளவுக்குத்தான் தெரியும். ஐந்தாண்டுத் திட்டங்களை வகுத்த திட்டக்குழுவில் உறுப்பினராகவும் இருந்தார் என்று அண்மையில் படித்தேன். சேவை நிறுவனம் நடத்திய ஒருவர் அந்த இடத்துக்கு எப்படிப் போனார்? கணவரின் செல்வாக்கா? அங்கே போய் என்ன செய்தார்?

பதில்:

கணவர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். துர்காபாய் திட்டக்குழுவுக்குப் போனது 1952இல். சி.டி. தேஷ்முக்கைத் திருமணம் செய்துகொண்டது 1953 ஜனவரி 22 அன்று. பதவி முந்தி, திருமணம் பிந்தி. தேஷ்முக் நிதியமைச்சராகவும் திட்டக்குழு உறுப்பினராகவும் இருந்தார். ஒரே குழுவில் வேலை பார்த்த இருவர் மணம் செய்துகொண்டார்கள், பதிவுத் திருமணத்தில் சாட்சிக் கையெழுத்திட்டவர்களில் நேருவும் ஒருவர். டெல்லிக்குத் துர்காபாய் போனதே தன் பெயரில்தான். அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற 15 பெண்களில் ஒருவராக, சென்னை மாகாணத்தின் பிரதிநிதியாக, 1946இலேயே போய்விட்டார்.

உங்கள் அடுத்த கேள்விதான் முக்கியமானது. சேவை நிறுவனம் நடத்தியதற்கும் நாட்டுக்குக் கொள்கை வகுத்ததற்கும் நடுவில் பாலம் எங்கே? என் கணிப்பில் அந்தப் பாலம் மயிலாப்பூரில் நடந்த ஒரு சின்ன வகுப்பு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அவர் 1909 ஜூலை 15 அன்று ராஜமுந்திரியில் பிறந்தார். எட்டு வயதில் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். வளர்ந்து விவரம் தெரிந்ததும் அந்த வாழ்க்கை வேண்டாம் என்று விலகிக்கொண்டார். 1920களில் ஒரு தெலுங்குக் குடும்பத்துப் பெண் அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 1921இல் காந்தி காக்கிநாடா வந்தபோது துர்காபாய்க்குப் பன்னிரண்டு வயதுகூட நிறையவில்லை. அந்த ஊர்த் தேவதாசிப் பெண்களும் வீட்டை விட்டு வெளியே வராத முஸ்லிம் பெண்களும் காந்தியைப் பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். ஐயாயிரம் ரூபாய் பணமுடிப்பு கொடுத்தால் சில நிமிடம் ஒதுக்கலாம் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். பெண்களே அந்தப் பணத்தைத் திரட்டினார்கள். சில நிமிடம் என்று வந்த காந்தி அரைமணி நேரத்துக்கு மேல் பேசினார், அந்தச் சிறுமியே தெலுங்கில் மொழிபெயர்த்தார்.

இன்னொரு கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1923 காக்கிநாடா காங்கிரஸ் மாநாட்டுப் பொருட்காட்சி வாசலில் தொண்டராக நின்ற இந்தப் பெண், டிக்கெட் இல்லாமல் வந்த நேருவை உள்ளே விடவில்லை. ஏற்பாட்டாளர்கள் டிக்கெட் வாங்கிக் கொடுத்த பிறகுதான் வழிவிட்டார். துணிச்சலான பெண் என்று காட்டுவதற்காக இதைச் சொல்வது வழக்கம். எனக்கு வேறொன்று தெரிகிறது. விதி என்று ஒன்று வைத்தால் அது வாசலில் நிற்பவர் கையில்தான் இருக்கிறது என்பதை அவர் சிறுவயதிலேயே புரிந்துகொண்டிருந்தார். பின்னால் அரசு மானியத்துக்கு விதிகள் எழுதும் இடத்துக்கு வந்தபோது அந்தப் புரிதல் உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

1930இல் சென்னை உப்புச் சத்தியாகிரகத்தில் கைது. அடுத்த மூன்று ஆண்டுகளில் மூன்று முறை சிறை. வேலூர்ச் சிறையில் சாதாரணக் கைதிப் பெண்களோடு பழகியது அவரை உலுக்கிவிட்டது. எதற்காகத் தண்டனை என்றே தெரியாமல் உள்ளே கிடந்த பெண்கள் அவர்கள். சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. மதுரைச் சிறையில் தனிக்கொட்டடி, உடல்நிலை நொடிந்தது. வெளியே வந்தவர் அரசியல் மேடையை ஒதுக்கி வைத்துவிட்டுப் படிப்பைத் தொடர்ந்தார்.

படிப்பு என்றால் எங்கிருந்து தொடங்குவது? முறையான பள்ளிப் படிப்பு விட்டுப்போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிக் தேர்வைத் தனித்தேர்வராக எழுதி, அதன்பின் ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பெண்களுக்கு விடுதி இல்லை என்று துணைவேந்தர் சி.ஆர். ரெட்டி தயங்கியபோது, விடுதி இல்லாததால் படிப்பை விட்ட பெண்கள் யாராவது இருக்கிறீர்களா என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துப் பெண்களைத் திரட்டினார். விடுதி வந்தது, இடமும் கிடைத்தது. அரசியல் அறிவியலில் பட்டம் முடித்து, சென்னையில் சட்டம் படித்து, 1942இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார்.

இதே ஆண்டுகளில்தான் மயிலாப்பூர் வகுப்பு உருவானது. சென்னையில் அவர் குடியிருந்த வீட்டில் அக்கம்பக்கத்துச் சிறுமிகளுக்கு இந்தியும் பாட்டும் நாடகமும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ‘லிட்டில் லேடீஸ் ஆஃப் பிருந்தாவன்’ என்று அந்தக் குழுவுக்குப் பெயர். பிள்ளைகளோடு அம்மாக்களும் அத்தைகளும் வர ஆரம்பித்தார்கள். இளம் விதவைகள், கணவன் விட்டுப்போனவர்கள், நாலாவது ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர்கள். இவர்களை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்க முடியாது. பள்ளிக்கூடமும் சேர்க்காது. துர்காபாய்க்கு ஒரு வழி தெரியும், அவரே நடந்து வந்த வழி: இரண்டு வருடம் இறுக்கமாகப் பாடம் நடத்தி, பனாரஸ் மெட்ரிக் தேர்வுக்கு நேராக அனுப்பிவிடுவது. அப்படித் தேறிய பெண்கள் நர்ஸ் பயிற்சிக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் போனார்கள். 1937இல் இது ஆந்திர மகிளா சபாவாக வளர்ந்தது. விடுதி, தொழிற்பயிற்சி, ‘ஆந்திர மகிளா’ என்ற பத்திரிகை, பின்னால் நீங்கள் தினமும் கடக்கிற மருத்துவமனை, போலியோ தாக்கிய குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவ மையம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நிறுவனம் நடத்துகிறவருக்கு மட்டும் தெரிகிற சில விஷயங்கள் உண்டு. கட்டடத்துக்கு நன்கொடை கிடைக்கும், டீச்சருக்குச் சம்பளம் கொடுக்க யாரும் தரமாட்டார்கள். ஒரு பெண் வகுப்புக்கு வர வேண்டுமென்றால் அவள் குழந்தையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். பாதி வருடத்தில் பணம் தீர்ந்துபோனால் மொத்த வகுப்பும் கலைந்துவிடும். இவை எந்த அரசாங்கக் கோப்பிலும் இருக்காது. துர்காபாய் டெல்லிக்கு மூட்டை கட்டிக்கொண்டு போனது இவற்றைத்தான்.

அரசியல் நிர்ணய சபையில் அவர் பேசியது நிறைய. இரண்டை மட்டும் சொல்கிறேன். மாநிலங்களவை உறுப்பினருக்கான குறைந்தபட்ச வயது வரைவில் 35 என்று இருந்தது. அதை 30 ஆக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான், இன்றுவரை அதுவே நிற்கிறது. இன்னொன்று நம் ஊருக்கு நெருக்கமானது. தென்னாட்டில் இந்தி சொல்லிக்கொடுத்த பெண் அவர். ஆனாலும் 1949 மொழி விவாதத்தில், இந்தி ஆதரவாளர்களின் அளவுமீறிய வேகம் தென்னாட்டு மக்களின் மனத்தைத் திருப்பிவிடுகிறது என்று சபையிலேயே எச்சரித்தார்.

அப்புறம் தோல்வி. முதல் பொதுத்தேர்தலில் ராஜமுந்திரியில் நின்று தோற்றார். சென்னைக்குத் திரும்பி வழக்கறிஞர் தொழிலையும் சபாவையும் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலை. அந்த நேரத்தில்தான் நேரு அவரைத் திட்டக்குழுவுக்கு அழைத்து, சமூக சேவைகள் பொறுப்பைக் கொடுத்தார். தேர்தலில் வென்றிருந்தால் நாடாளுமன்றத்தில் நல்ல பேச்சாளராகக் காலம் போயிருக்கலாம். தோற்றதால் கொள்கை எழுதும் மேசைக்கு வந்தார்.

அங்கே நிலைமை எப்படி இருந்தது? முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் மொத்த ஒதுக்கீடு 2,069 கோடி ரூபாய். அணை, பாசனம், மின்சாரம், ரயில், அகதிகள் மறுவாழ்வு என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தார்கள். ஆதரவற்ற பெண், அநாதைக் குழந்தை, கைகால் ஊனமுற்றவர் இவர்களுக்கெல்லாம் திட்டத்தில் இடம் கேட்க ஆள் இல்லை. அது தருமம் செய்கிறவர்கள் பாடு, அரசாங்கத் திட்டத்தில் அதற்கென்ன வேலை என்பதுதான் பரவலான எண்ணம். 1952 டிசம்பரில் வந்த இறுதித் திட்டத்தில் சமூக நலத்துக்கென்று ஓர் அத்தியாயமும், தொண்டு நிறுவனங்களுக்கு உதவ 4 கோடி ரூபாயும் இடம்பெற்றன. கணக்குப் போட்டால் மொத்தத்தில் ஐநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவுதானா என்று கேட்கலாம். ஆனால் மத்திய அரசின் திட்டத்தில் இப்படி ஒரு தலைப்பு அதற்குமுன் இருந்ததில்லை. தலைப்பு என்று ஒன்று திறந்துவிட்டால் அடுத்த திட்டத்தில் தொகையை ஏற்றக் கேட்கலாம். கணக்கு எழுதத் தெரிந்த யாருக்கும் இது புரியும்.

அடுத்து வந்ததுதான் அவருடைய முத்திரை. அந்த 4 கோடியை யார் கையில் கொடுப்பது? அமைச்சகத்திடம் கொடுத்தால் ஒரு கிராமத்து மகளிர் சங்கம் விண்ணப்பம் போட்டு, அது மாவட்டம், மாநிலம், டெல்லி என்று ஏறி இறங்குவதற்குள் சங்கமே இருக்காது. மயிலாப்பூரில் மாதக் கடைசியில் சம்பளப் பணத்துக்கு அலைந்தவருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் 1953 ஆகஸ்டில் மத்திய சமூக நல வாரியம் என்ற அமைப்பு உருவானது, துர்காபாய்தான் முதல் தலைவர். அமைச்சகப் பிரதிநிதிகளும் இருந்தார்கள், ஆனால் பெரும்பான்மை அதிகாரிகள் அல்லாத சமூகப் பணியாளர்களுக்கு. மானியத்தை வாரியமே நேரடியாக நிறுவனங்களுக்குக் கொடுக்கும். 1954இல் மாநிலங்களிலும் ஆலோசனை வாரியங்கள் அமைந்தன, அவற்றின் தலைமையும் அதிகாரிகள் அல்லாத பெண்களிடமே போனது.

அரசாங்கப் பணத்தை அரசாங்கத்துக்கு வெளியே இருப்பவர்கள் பகிர்ந்து கொடுக்கும் இந்த ஏற்பாட்டுக்கு நேருவின் ஆதரவு இருந்தது உண்மை. ஆனால் அமைப்பை வரைந்த விதத்தில் ஒரு நிறுவனம் நடத்தியவரின் கை தெரிகிறது. அதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். எத்தனையோ பேர் ஆலோசகர்களாகப் போய் நல்ல அறிக்கை எழுதிவிட்டு வருகிறார்கள். பணம் எந்த வழியாகப் போக வேண்டும், கையெழுத்து யார் போட வேண்டும் என்பது வரை யோசித்தவர்கள் குறைவு.

1954 ஆகஸ்ட் 15 அன்று கிராமங்களுக்கான நல விரிவாக்கத் திட்டங்கள் தொடங்கின. ஒரு திட்டத்துக்கு ஏறத்தாழ 25 கிராமங்கள். பால்வாடி, பேறுகாலக் கவனிப்பு, பெண்களுக்கு எழுத்தறிவு, கைத்தொழில். இவற்றை நடத்தக் கிராம சேவிகாக்கள், தாதிகள். அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதில் கஸ்தூரிபா அறக்கட்டளை பெரும்பங்கு எடுத்துக்கொண்டது. நம் ஊர்களில் அங்கன்வாடியை வயதானவர்கள் இன்னும் ‘பால்வாடி’ என்றே சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது 1975இல். அதற்கு இருபது வருடம் முன்பே அந்தச் சொல் கிராமங்களுக்குள் நுழைந்துவிட்டது.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. கிராம சேவிகா ஆக வேண்டுமென்றால் குறைந்தபட்சக் கல்வித் தகுதி வேண்டும். கிராமத்தில் அந்தத் தகுதி உள்ள பெண்கள் இல்லை. நகரத்திலிருந்து போகிற படித்த பெண் கிராமத்தில் தங்கமாட்டாள். நர்ஸ், தாதி, பள்ளி ஆசிரியை எல்லாவற்றுக்கும் இதே கதை. அமைச்சகங்கள் தகுதியைத் தளர்த்தலாமா என்று யோசிக்கும். துர்காபாயிடம் வேறு பதில் இருந்தது, அதுவும் ஏற்கெனவே சோதித்துப் பார்த்த பதில். 1958இல் வாரியம் வளர்ந்த பெண்களுக்கான சுருக்கக் கல்விப் பயிற்சியைத் தொடங்கியது. ‘கண்டென்ஸ்டு கோர்ஸ்’ என்றால் சமூகப்பணி வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். பாதியில் படிப்பை விட்ட பெண்களை, அதிலும் விதவைகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள் போன்றோரை, சேர்த்து இரண்டு வருடத்தில் எட்டாம் வகுப்பு அல்லது மெட்ரிக் அளவுக்குக் கொண்டுவந்து பயிற்சிக்கும் வேலைக்கும் அனுப்புவது.

கவனித்தீர்களா? மயிலாப்பூர் வகுப்பேதான். இருபது வருடம் முன்பு ஒரு வீட்டில் பாய் விரித்து நடந்த பாடம், நாடு முழுக்கத் தொண்டு நிறுவனங்கள் மானியம் வாங்கி நடத்தும் திட்டமாக மாறியது. என் பெரியம்மா ஒருவர் இப்படி ஒரு வகுப்பில் படித்தவர். ஐந்தாவதோடு நின்றவர், கணவர் இறந்த பிறகு இருபத்தெட்டு வயதில் மறுபடி நோட்டுப் புத்தகம் தூக்கினார். எட்டாவது தேறி, பால்வாடி டீச்சராக ஓய்வுபெற்றார். துர்காபாய் என்ற பெயர் அவருக்குத் தெரியாது. எனக்கே சமூகப்பணி படித்தபோதுதான் தெரிந்தது, தெரிந்த அன்று ரொம்ப நேரம் பெரியம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆலோசகராக அவர் செய்த மற்ற வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாரியம் அமைத்த இரண்டு குழுக்கள் முக்கியமானவை. தன்வந்தி ராமராவ் தலைமையில் ஒன்று பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்ட பெண்களின் நிலையையும், எம்.எஸ். கோரே தலைமையில் இன்னொன்று சிறை, காப்பகம் முதலியவற்றிலிருந்து வெளியே வருபவர்களின் மறுவாழ்வையும் ஆராய்ந்தன. 1958இல் அமைந்த பெண்கல்விக்கான தேசியக் குழுவுக்குத் துர்காபாய் தலைவர். பெண்கல்வியைப் பொதுக்கல்வியோடு கலந்துவிடாமல், ஆண்களோடு உள்ள இடைவெளி குறையும்வரை தனிப் பிரச்சினையாக எடுத்து, தனி நிதியும் தனி அமைப்பும் கொடுக்க வேண்டும் என்றது அந்தக் குழு. அதன் விளைவாக வந்த தேசிய மன்றத்துக்கும் அவரே முதல் தலைவர். கிராமங்களில் பெண்கல்விக்கு மக்கள் ஆதரவு ஏன் குறைவு என்று ஆராய அந்த மன்றம் பின்னர் 1963இல் ஒரு குழு அமைத்தது. அதற்குத் தலைமை வகித்தவர் நம் எம். பக்தவத்சலம்.

எல்லாம் வெற்றி என்று சொன்னால் அது நேர்மையாக இருக்காது. நல விரிவாக்கத் திட்டங்களைச் சில ஆண்டுகளில் உள்ளூர் மகளிர் மன்றங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஒப்படைத்தார்கள், ஆனால் பணமும் பயிற்சியும் தொடர்ந்து வராத இடங்களில் அவை தேய்ந்துபோயின. கிராம முன்னேற்றத்துக்காக அரசு தனியே நடத்திய சமுதாய வளர்ச்சித் திட்டமும் அதே கிராமத்தில் தன் ஆட்களோடு வேலை செய்ததால் யார் எதைச் செய்வது என்ற குழப்பம் இருந்தது. இன்னொரு குறை இன்னும் ஆழமானது. மாநில வாரியங்களில் தலைமை பெரும்பாலும் வசதியான, படித்த குடும்பத்துப் பெண்களிடம் இருந்தது. தையலும் கைத்தொழிலும் குழந்தை வளர்ப்பும் சொல்லிக்கொடுத்தார்கள். வயலில் கூலி வேலை செய்த பெண்ணுக்கு நிலமோ சமக் கூலியோ கிடைக்க அந்த அமைப்பில் வழி இல்லை. பெண்களை உதவி பெறுகிறவர்களாகவே பார்த்தது அந்தக் காலத்து நலக் கொள்கை என்று எழுபதுகளில் வந்த பெண்ணிய ஆய்வாளர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. துர்காபாயை மதிக்கிறேன் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். அதே சமயம், தன் மயிலாப்பூர் வகுப்பில் அவர் பெண்களைக் கடைசிவரை உதவி பெறுகிறவர்களாகவே வைத்திருக்கவில்லை. தேர்வெழுத வைத்து, சம்பளம் வாங்க வைத்தார். நாடு முழுக்க விரிந்தபோது அந்தக் கூர்மை எல்லா இடத்திலும் தங்கவில்லை.

1960களின் தொடக்கத்தில் அவர் வாரியப் பொறுப்பிலிருந்து விலகினார். 1962இல் சமூக வளர்ச்சிக்கான மன்றம் என்ற ஆய்வு நிறுவனத்தை டெல்லியில் தொடங்கினார். பார்வையற்றோருக்கான பள்ளி விடுதி, ஐதராபாத்தில் மகிளா சபாவின் கல்லூரிகள், 1968இல் திட்டக்குழு வெளியிட்ட இந்திய சமூகப்பணிக் கலைக்களஞ்சியம் என்று வேலை ஓயவில்லை. 1975இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள்.

கடைசியாக ஒன்று, நீதிமன்றம் போகிற யாருக்கும் உதவும் செய்தி. 1953இல் சீனா போனபோது அங்கே குடும்ப வழக்குகளுக்குத் தனி நீதிமன்றங்கள் இருப்பதைப் பார்த்தார் துர்காபாய். வேலூர்ச் சிறையில் பார்த்த பெண்களை அவர் மறந்திருக்கவில்லை. திரும்பி வந்ததும் நீதிபதிகள் எம்.சி. சாக்ளாவிடமும் பி.பி. கஜேந்திரகட்கரிடமும் பேசினார், நேருவிடமும் பேசினார். விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தைப் பராமரிப்பு வழக்குகளைச் சாதாரண சிவில் வழக்குகளோடு போட்டு இழுக்கக் கூடாது, சமரசத்துக்கு இடம் கொடுக்கும் தனி நீதிமன்றம் வேண்டும் என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். 1981 மே 9 அன்று அவர் காலமானார். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984இல் நிறைவேறியது.